குடியேறியவரும் கூலியாக வந்தவரும்: பீர்மேட்டு மலையின் இரண்டு தேதிகள்

இடுக்கி மாவட்டத்தின் நிலச் சிக்கலைப் பற்றி மலையாளத்தில் எழும் எந்த விவாதத்திலும் இரண்டு சொற்கள் எதிரெதிராக நிற்பதைக் காணலாம். ஒன்று ‘குடியேற்றம்’, மற்றொன்று ‘கையேற்றம்’. முன்னது மதிப்புக்குரிய சொல். காடு திருத்தி, காய்ச்சலோடும் காட்டு யானையோடும் போராடி, மரவள்ளியும் நெல்லும் மிளகும் விளைவித்த உழவனை அது நினைவூட்டும். பின்னது குற்றத்தைச் சுட்டும் சொல்; தமிழில் ‘ஆக்கிரமிப்பு’ என்பதற்கு இணையானது. ஒருவர் முதல் வகையைச் சேர்ந்தவரா, இரண்டாம் வகையைச் சேர்ந்தவரா என்பதே அங்கு நீதிமன்ற வழக்காகவும் தேர்தல் முழக்கமாகவும் உருவெடுக்கிறது.

இவ்விரு சொற்களுள் எதிலும் அடங்காத மக்கள் அதே மலையில் ஏறத்தாழ 150 ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். வண்டிப்பெரியார், பீர்மேடு, ஏலப்பாறை, மூணாறு வட்டாரங்களின் தேயிலைத் தோட்டங்களில், லயங்களில் குடியிருக்கும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அவை. அவர்களின் வருகையைக் குடியேற்றம் என்று எவரும் எழுதுவதில்லை. நிலம் எதுவும் அவர்கள் கைக்கு வராததால் அதனைக் கையேற்றம் என்றும் கூற இயலாது. அவர்களுக்கென்று எஞ்சியிருக்கும் சொல் ‘தொழிலாளி’. அச்சொல் ஒருவர் செய்யும் வேலையைக் குறிக்கிறதே அன்றி, அவர் வாழும் ஊரைக் குறிப்பதில்லை. வேலை போனால் சொல்லும் போய்விடுகிறது.

எல்லைப்புற நிலங்களில் மண்ணுக்குரியவர் யார், வந்தவர் யார் என்பதை வந்த காலம் தீர்மானிப்பதில்லை. எந்தத் தகுதியில் அரசு ஒருவரை உள்ளே விட்டது என்பதே தீர்மானிக்கிறது. பீர்மேட்டின் வரலாற்றை இக்கோணத்தில் படித்தாலொழிய அதன் இன்றைய சிக்கல்கள் விளங்கா. இதனைத் தெளிவாகக் காண, உலகின் வேறொரு மூலையில் வேறொரு பேரரசு அமைத்த எல்லை மாநிலம் ஒன்றை முதலில் நோக்குவது பயன்தரும்.

பாளையக்காரரை அறிந்த தமிழ் வாசகருக்குக் கோசாக்குகளை அறிமுகப்படுத்துவது கடினமன்று. படைப்பணிக்கு ஈடாக நிலமும் ஓரளவு தன்னாட்சியும் பெற்றவர்கள்; அரசுக்கு வேண்டியபோது எல்லைக் காவலர், வேண்டாதபோது கலகக்காரர். ஒரு வேறுபாடு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1801ஆம் ஆண்டளவில் பாளையங்களை ஒடுக்கி, எஞ்சியவற்றை வரி செலுத்தும் ஜமீன்களாக மாற்றியது. ரஷ்யப் பேரரசோ கோசாக்குகளை அழிக்காமல் தன் எல்லை வேலியாக மாற்றிக்கொண்டது. தினீப்பர் ஆற்றங்கரையிலிருந்த சப்போரோழியக் கோசாக்குகளின் கோட்டையை இரண்டாம் கத்தரீன் 1775இல் தகர்த்தார். அவர்களுள் எஞ்சியோரைக் கருங்கடல் படையாகத் திரட்டி, 1792இல் காக்கசஸ் மலைக்கு வடக்கே குபான் ஆற்றங்கரையில் நிலம் தந்து குடியமர்த்தியவரும் அவரே. 1860இல் குபான் படையும் குபான் மாநிலமும் உருவாயின. மலைப்பகுதியின் தொல்குடிகளான சர்க்காசியர், 1864இல் போர் முடிந்தபோது இலட்சக்கணக்கில் உதுமானியப் பேரரசுக்குத் துரத்தப்பட்டனர்.

பின்னர் வந்தோர் மூன்றாம் கூட்டத்தினர். பண்ணையடிமை முறை 1861இல் ஒழிக்கப்பட்டபின், நிலமற்ற உழவர் ரஷ்யாவின் உள்மாநிலங்களிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வேலை தேடிக் குபானுக்கு வரத்தொடங்கினர். கோசாக்கு அல்லாதோரும் கோசாக்கு நிலத்தில் வீடு வாங்கிக்கொள்ளலாம் என 1868ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. ஆனால் வீடு அவருடையது. வீட்டின் அடியிலுள்ள மண் படைக்குரியது. அந்த மண்ணுக்கு அவர் ஆண்டுதோறும் அளவுக்கேற்ற கட்டணம் செலுத்தியாக வேண்டும். ஊர் நிலத்தில் பங்கு கிடையாது. இவர்களுக்கு ரஷ்ய மொழி இட்ட பெயர் ‘இனகரோத்னி’, அதாவது வேற்றூரார். 1897ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது குபான் மாநிலத்தின் 19 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுள் கோசாக்குகள் பாதிக்கும் குறைவு. பேரனே பிறந்து வளர்ந்த ஊரிலும் குடும்பத்தின் பெயர் வேற்றூரார் என்றே இருந்தது.

சப்போரோழியரின் வழித்தோன்றல்கள் குபானுக்கு வந்து அப்போது நூறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்நிலம் அவர்களுக்கு முன் வேறொருவருடையது. எனினும் அவர்கள் நிலத்துக்குரியவர். ஏனெனில் பேரரசு அவர்களைப் ‘படை’ எனப் பெயரிட்டு உள்ளே விட்டது. பின்வந்தோர் உரிமையற்றவர், ஏனெனில் அவர்கள் ‘கை’களாக மட்டுமே வந்தனர். இரு கூட்டத்திலும் உக்ரைனிய மொழி பேசுவோர் மிகுதி. எனவே இவர்களைப் பிரித்தது மொழியன்று, தகுதி.

வண்டிப்பெரியார் சூழ்ந்த மலைநாட்டுக்கு இப்போது வரலாம். இன்றைய பீர்மேடு, உடும்பன்சோலை, தேவிகுளம் வட்டங்களின் பெரும்பகுதி ஒருகாலத்தில் பூஞ்ஞாறு என்னும் சிறு அரச குடும்பத்தின் ஆளுகையில் இருந்தது. அக்குடும்பம் தன் மரபை மதுரைப் பாண்டியரோடு இணைத்துக் கூறிக்கொள்ளும். கம்பம் பள்ளத்தாக்கின் வழியே மலையேறி வந்ததாக அதன் மரபுக்கதை. அதற்கு முன்பும் பின்பும் அம்மலைகளில் வாழ்ந்தோர் மன்னான், முதுவர், பளியர், ஊராளி, மலையரையர் முதலிய பழங்குடியினர். இவர்களுள் மன்னானும் முதுவரும் கூடத் தாங்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்னும் கதையைப் பேணி வருகின்றனர். அவர்களின் பேச்சு தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருங்கிய உறவுடையது. அதனை இரண்டில் ஒன்றன் கிளை எனச் சொந்தம் கொண்டாட முயல்வோர், பின்னாளில் வரைந்த எல்லைக் கோட்டை முன்னாளின் பேச்சின்மேல் ஏற்றுகின்றனர்.

ஊர்ப்பெயர்களைக் கொண்டு உரிமை நாட்டுவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வண்டி, பெரிய, ஆறு, மேடு என்பன தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொற்கள். பீர்மேடு என்னும் பெயரைத் தக்கலையின் பீர் முகம்மது அப்பா என்னும் தமிழ்ச் சூஃபியோடு இணைப்பது மக்கள் வழக்கு. அவ்வழக்கு அழகானது, ஆனால் ஒரு சூஃபியின் தங்கலிலிருந்து ஒரு வட்டத்தின் பட்டா பிறந்துவிடாது. பெயராய்வு மக்கள் நடமாட்டத்தின் தடயங்களைக் காட்டும். நில உடைமைக்குச் சாட்சி சொல்ல அதனால் முடியாது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர் வடக்கே விரிந்தபோது, பூஞ்ஞாறும் அதன் மேலாண்மைக்குள் வந்தது. 1795, 1805ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் திருவிதாங்கூர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேலாண்மைக்குள் சென்றது. இவ்வாறு ஒரே மலையின்மேல் மூன்று அடுக்கு அதிகாரம் அமைந்தது: கீழே குறுநிலத் தலைவர், அவருக்கு மேல் மகாராஜா, எல்லாவற்றுக்கும் மேல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட். இம்மூன்று அடுக்கும் கூடிக் கையொப்பமிட்ட ஆவணங்களிலிருந்தே இன்றைய மலைநாடு பிறந்தது.

அவ்வகை ஆவணங்களுள் இரண்டு இங்கு முதன்மையானவை. 1877 ஜூலையில் பூஞ்ஞாற்றுத் தலைவர், பீர்மேட்டுத் தோட்டக்காரர் ஜான் டேனியல் மன்றோவுக்குக் கண்ணன் தேவன், அஞ்சநாட்டு மலைகளை எழுதிக்கொடுத்தார். முன்பணம் 5,000 ரூபாய். ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய். பரப்பு ஏறத்தாழ 227 சதுர மைல். மறுஆண்டில் திருவிதாங்கூர் அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. இரண்டாவது, 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்கும் இடையே ஏற்பட்ட பெரியாற்றுக் குத்தகை. 8,000 ஏக்கர் நீர்பிடிப்புப் பரப்பு, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய், காலம் 999 ஆண்டுகள். அதன்படி எழுந்த முல்லைப்பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. அணைக்குக் கீழே பெரியாற்றின் கரையில் எதிர்ப்படும் முதல் நகரம் வண்டிப்பெரியார்.

இவ்விரு ஆவணங்களும் ஏராளமாக எழுதப்பட்டவை, வழக்காடப்பட்டவை. எனினும் இரண்டுக்கும் பொதுவான ஒரு மௌனம் போதிய கவனம் பெறவில்லை. மலையைக் கொடுத்தவர், பெற்றவர், தொகை, காலம் எல்லாம் அவற்றில் உண்டு. மலையில் அப்போதே வாழ்ந்தவருக்கும், அதில் உழைக்கப்போகிறவருக்கும் அந்நிலத்தில் என்ன உரிமை என்னும் கேள்வி ஒப்பந்தத்தின் மையத்துக்கு வரவே இல்லை. நீரைத் தேக்கும் நிலத்துக்கு 999 ஆண்டு உறுதி தந்த காலம், அந்த அணைக்குக் கல் சுமந்தவருக்கும் அதன் பக்கத்துச் சரிவில் கொழுந்து பறித்தவருக்கும் ஓராண்டு உறுதியும் தரவில்லை.

அவர்கள் வந்த வழி ஓரளவு தெளிவானது. 1860களில் பீர்மேட்டில் காப்பித் தோட்டங்கள் எழத் தொடங்கின. இலங்கையில் 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் தென்னிந்தியக் காப்பியையும் தாக்கியது. காப்பி சரிந்த இடங்களில் சின்கோனாவும் பின்னர் தேயிலையும் வந்தன. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கைகள் வேண்டும். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினர். அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். கம்பம், கூடலூர் கடந்து குமுளி மலைவழியே அவர்கள் நடந்து ஏறினர். வேலையை விட்டு நீங்குவதைக் குற்றமாக்கிய 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தது. திருவிதாங்கூரும் அவ்வழியே சென்றது. முன்பணக் கடன் தீராதவர் மலையிறங்கினால் அது குற்றம். கடன் தீர்ந்தவர் மலையில் தங்கினால் அதற்கு உரிமை இல்லை. போவதற்கும் இருப்பதற்கும் உரிமையில்லாத இந்த நிலைதான் பின்னாளில் ‘நிலையற்ற மக்கள்’ என்னும் பெயரைப் பெற்றுத்தந்தது.

இதன்பின் ஏறத்தாழ 70, 80 ஆண்டுகள் கழித்தே ‘குடியேற்றம்’ என இன்று கொண்டாடப்படும் இயக்கம் மலையை எட்டியது. இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி நின்றுபோய்த் திருவிதாங்கூரில் பஞ்சம் வந்தது. கூடுதல் உணவு விளைவிக்கும் திட்டத்தின் கீழ் அரசு 1940களில் காடுகளைத் திறந்துவிட்டது. மீனச்சில், காஞ்ஞிரப்பள்ளி முதலிய சமவெளிப் பகுதிகளிலிருந்து உழவர் குடும்பங்கள், பெரும்பாலும் சிரியக் கிறித்தவர், மலையேறின. 1950களின் நடுவில் பட்டம் தாணுப் பிள்ளை காலத்தில் அரசே மலைநாட்டுக் குடியேற்றத் திட்டத்தை நடத்தியது; உடும்பன்சோலைப் பகுதியின் பட்டம் காலனி அதன் பெயரால் நிற்கிறது.

அத்திட்டத்தின் காலம் தற்செயலானதன்று. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் எனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிக்கொண்டிருந்த காலம் அது. 1954 ஆகஸ்டு 11 அன்று தென் திருவிதாங்கூரில் அப்போராட்டத்தின்மேல் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் பலியாயின. பஸல் அலி ஆணையம் 1955இல் அறிக்கை தந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. எல்லையை மக்களைக் கொண்டு வேலியிடும் உத்தியைப் பேரரசுகள் மட்டுமே கையாண்டன என்று எண்ணுவதற்கில்லை. மக்களாட்சியும் அதனைக் கற்றுக்கொண்டது.

அன்றைய விவாதத்தின் மையக் கேள்வி இதுவே: தோட்டத் தமிழர் அம்மலையின் நிலைத்த குடிகளா, வேலைக்காக வந்து போகும் கூட்டமா? கேரளத் தரப்பு அவர்களை ‘மிதக்கும்’ மக்களெனக் கருதி எண்ணிக்கையைத் தள்ளுபடி செய்தது. தமிழ்த் தரப்பு அவர்களின் எண்ணிக்கையை நிலத்துக்கான சான்றாக ஏந்தியது. ஆனால் எல்லை எங்கே விழுந்தாலும் அவர்கள் குடியிருக்கும் லயம் யாருடையது என்னும் கேள்வியை இரு தரப்பும் முதன்மையாக எழுப்பவில்லை. தமிழகத்தில் தேவிகுளம், பீர்மேட்டை ‘இழந்த நிலம்’ என இன்றும் பேசுவோர் பலர். அந்த இழப்பின் பட்டியலில் அணையும் ஏலக்காடும் முன்னே நிற்கும். மனிதர் பின்னால் வருவர்.

இங்கேதான் குபானுக்கும் பீர்மேட்டுக்கும் இடையிலான ஒப்பீடு பயன் தருகிறது. குபானில் பின்னால் வந்தவர் வேற்றூரார் ஆனார். பீர்மேட்டிலோ முன்னால் வந்தவரே ‘வரத்தன்’ எனப்பட்டார். காலவரிசை தலைகீழாக இருந்தும் விளைவு ஒன்றாகவே இருக்கிறது. ஆகவே விளைவுக்குக் காரணம் காலம் அன்று. கோசாக்கைப் ‘படை’ என்னும் தகுதியிலும், சமவெளி உழவனைக் ‘குடியேற்றக்காரன்’ என்னும் தகுதியிலும் அரசு உள்ளே விட்டது. வேற்றூராரையும் தோட்டத் தொழிலாளியையும் வேறொருவரின் நிலத்துக்கான உழைப்பாக விட்டது. முதல் வகைத் தகுதி நிலமாகத் திரண்டது. இரண்டாம் வகை கூலியாகக் கரைந்தது.

இந்த வேறுபாடு இன்றும் இரண்டு தேதிகளில் உறைந்து நிற்கிறது. முதல் தேதி 1977 ஜனவரி 1. அதற்கு முன் வனநிலத்தில் குடியேறியவரின் உடைமையை முறைப்படுத்திப் பட்டயம் வழங்கக் கேரள அரசு 1993இல் சிறப்பு விதிகள் இயற்றியது. இரண்டாம் தேதி 1950 ஆகஸ்டு 10. பட்டியல் சாதிகளைக் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாள் அது. அன்றைக்குக் கேரளப் பகுதியில் குடியிருந்தவரின் வழித்தோன்றல் என மெய்ப்பிக்காத தமிழ்த் தலித் குடும்பத்துக்கு அம்மாநிலத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடைப்பதில்லை. ஒரே மலையில், 1976இல் காட்டில் குடிசை போட்டவர் நிலத்துக்குரியவர் ஆகலாம். 1951இல் தோட்டத்தில் பேர் பதிந்தவரின் பேத்தி, தன் சாதியை எண்பிக்கவும் இயலாமல் கல்லூரி வாசலில் நிற்கலாம்.

இது ஒரு சில மாணவரின் தனிப்பட்ட இன்னல் அன்று. தேவிகுளம் தனித்தொகுதியில் 2021இல் வென்ற ஏ. ராஜாவின் தேர்தலைக் கேரள உயர்நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாது என்றது. உச்சநீதிமன்றம் 2025 மே மாதத்தில் அத்தீர்ப்பை மாற்றி அவர் வெற்றியை உறுதிசெய்தது. அவ்வழக்கில் மதம் பற்றிய கேள்வியோடு, அவர் குடும்பம் 1950க்கு முன்பே அங்கு குடியிருந்ததா என்பதும் விவாதப்பொருள் ஆயிற்று. சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே தம் பாட்டன் பாட்டியின் இருப்பை நீதிமன்றத்தில் நிறுவவேண்டி இருந்ததெனில், பெயர்ப் பதிவேடு காணாமற்போன தோட்டத்துப் பிள்ளையின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு எழக்கூடிய மறுப்புகள் வலுவானவை. அவற்றைத் தவிர்ப்பது நேர்மையாகாது. முதலாவது, இவ்விரு தேதிகளும் வெவ்வேறு நோக்கத்தின. ஒன்று நிலத்துக்கு, மற்றொன்று இடஒதுக்கீட்டுக்கு. பட்டியல் சாதித் தகுதி மாநில எல்லையைக் கடந்து உடன் வாராது என்பது இந்தியா முழுவதற்குமான விதி; 1990இலேயே உச்சநீதிமன்றம் அதனை வகுத்துவிட்டது. உண்மை. ஆனால் விதி பொதுவாயினும் அது விழும் இடம் பொதுவன்று. அலுவலக வேலைக்காக மாநிலம் மாறியவரின் கையில் ஆவணம் இருக்கும். தோட்டத் தொழிலாளியின் இருப்புக்கான சான்றுகள் கங்காணியின் பற்றுக்கணக்கிலும் நிறுவனத்தின் செக்ரோலிலும் இருந்தன. சான்று வேண்டியவர் ஒருவர். சான்றை வைத்திருந்தவர் அவருடைய முதலாளி. தோட்டம் கைமாறினாலோ மூடப்பட்டாலோ சான்றும் மறைந்தது.

இரண்டாவது மறுப்பு: 1977ஆம் ஆண்டுத் தேதியின் பயன் மலையாளிகளுக்கு மட்டும் உரியதன்று, ஏலமலையில் பட்டயம் பெற்ற தமிழ் விவசாயிகளும் உள்ளனர். இதுவும் உண்மையே, மேலும், முன்வைத்த வாதத்துக்கு இது வலுவும் சேர்க்கிறது. பிரிவினை மொழியால் மட்டும் ஆனதன்று. விவசாயி என்னும் தகுதியில் வந்த தமிழர் நிலம் பெற்றார். தொழிலாளி என்னும் தகுதியில் வந்த தமிழர் பெறவில்லை. மொழிச் சண்டையாக மட்டும் இதனைப் படிப்போர் சாதியையும் வர்க்கத்தையும் ஒருசேர மறைத்துவிடுகின்றனர்.

மூன்றாவது, குடியேறிய உழவரும் ஏழைகளே; பஞ்சம் துரத்தி வந்தவர்களே. அவர்களுள் பலரை அரசே 1961இல் இடுக்கியின் அய்யப்பன்கோவிலிலிருந்து வெளியேற்றிக் குமுளிக்கு அருகே அமராவதியில் கொண்டுபோய்விட்டது. ஏ. கே. கோபாலன் அங்கே உண்ணாவிரதம் இருந்தார். அந்த நினைவு மதிக்கத்தக்கது. அதே மதிப்பு அடுத்த சரிவின் லயத்துக்கு ஏன் நீளவில்லை என்பதே கேள்வி. இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, மன்னானும் பளியரும் முதுவரும் கேட்க உரிமையுள்ள கேள்வி ஒன்று உண்டு: எவருக்கு எந்தத் தேதி வைத்தாலும், எங்களுக்கு ஏன் எந்தத் தேதியும் இல்லை? குபானின் சர்க்காசியரைப் போல் அவர்கள் துரத்தப்படவில்லை. ஆயினும் ஆவணங்களின் மௌனத்தில் அவர்களும் கரைந்துபோயினர். தோட்டத் தமிழரின் உரிமையைப் பேசுவோர் இந்தக் கேள்வியை விலக்கிவிட்டு மேலே செல்ல இயலாது.

விடுதலைக்குப் பிந்தைய சட்டங்கள் நிலைமையை ஓரளவே மாற்றின. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பள்ளி ஆகியவற்றை நிறுவனத்தின் கடமை ஆக்கியது. அது பெரும் முன்னேற்றமே. ஆயினும் வீட்டை வேலையோடு பிணைத்த பழைய முடிச்சை அது அவிழ்க்கவில்லை. 1963ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் இந்தியா வியந்த சட்டம். ஆனால் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. சமவெளியில் குடிசை மண்ணுக்குக் குடிகிடப்பு உரிமை கிடைத்த காலத்தில், லயத்தின் மண் நிறுவனத்திடமே நின்றது. ஓய்வு பெறும் தொழிலாளி, குடும்பத்தில் வேறொருவர் தோட்ட வேலையில் இல்லையெனில், பிறந்த வீட்டைக் காலிசெய்ய வேண்டும். 2000ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை வீழ்ந்து பீர்மேட்டின் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது, வேலையும் வீடும் ஒருங்கே அந்தரத்தில் தொங்கின. 2020 ஆகஸ்டில் மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு 70 பேர் மாண்டபோது நாடு ஒரு வாரம் பேசியது. குபானின் வேற்றூரார் வீட்டடி மண்ணுக்குக் கட்டணம் செலுத்தினர். இங்கே அது வாழ்நாள் உழைப்பாகச் செலுத்தப்பட்டது.

தகுதியற்ற இருப்பின் ஆபத்து, அரசுகள் சண்டையிடும்போது வெளிப்படும். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைத் தகராறு முற்றியபோது குமுளி எல்லையின் இருபுறமும் வன்முறை நிகழ்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் மலையாளிகள் அஞ்சினர். மலைமேல் தமிழ்த் தொழிலாளர் அஞ்சினர். பல குடும்பங்கள் மலையிறங்கின. அணை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் தமக்கு ஒரு செண்டு நிலமும் கிட்டாத மக்கள், அணையின் பெயரால் ‘அந்தப் பக்கத்தவர்’ ஆக்கப்பட்டனர். குபானின் பிற்கால வரலாறு இதைவிடக் கொடியது. உள்நாட்டுப் போரில் கோசாக்கும் வேற்றூராரும் ஒருவரையொருவர் கொன்றனர். 1932இன் இறுதியில் சோவியத் அரசு அங்கே உக்ரைனிய மொழிக் கல்வியை நிறுத்தியது. 1926ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் குபானின் பெரும்பான்மையாக இருந்த உக்ரைனியர் 1939இன் கணக்கெடுப்பில் சிறுபான்மையினர். பீர்மேடு அந்த வழியில் செல்லவில்லை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் தொடர்புகொள்ள இடம் தருகிறது. மொழிக்கு இடம் தர முடிந்த அரசால் மண்ணிலும் இடம் தர முடியும்.

செய்யத்தக்கவை தெளிவானவை. தோட்டங்களின் பழைய செக்ரோல்கள், தேவாலயங்களின் திருமுழுக்குப் பதிவேடுகள், தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், கல்லறை எழுத்துகள் ஆகியவை 1950க்கு முந்தைய இருப்புக்குச் சான்றுகள். அவற்றை நிறுவனத்தின் தனிச்சொத்தாக விடாமல் பொது ஆவணமாக அறிவித்து, கேரள ஆவணக் காப்பகம் திரட்ட வேண்டும். இருப்பை நிறுவும் சுமையைக் குடும்பத்தின் தலையில் ஏற்றாமல், தோட்டம் தோட்டமாக அரசே விசாரித்து முடிவுசெய்ய வேண்டும். ஓய்வு பெற்றவருக்கு வீட்டுமனை உரிமை, வேலையிலிருந்து பிரிக்கப்பட்டு வழங்கப்பட வேண்டும். தமிழகப் பல்கலைக்கழகங்களும் இம்மலையை எல்லைச் சண்டையின் கிளைக்கதையாகப் பயிற்றுவிப்பதை நிறுத்தி, உழைப்பின் வரலாறாக ஆராய வேண்டும். கம்பத்திலிருந்து குமுளி இரண்டு மணிநேரப் பயணம்கூட இல்லை. ஆனால் அங்குள்ள பதிவேடுகளை நாடிச் சென்ற தமிழ் ஆய்வுகள் சிலவே.

இறுதியாக, சொல்லின் பொறுப்பு. ‘குடியேற்றம்’ என்னும் சொல்லில் குடியும் உண்டு, ஏற்றமும் உண்டு. குமுளி மலைவழியில் 1870களில் குழந்தையை இடுப்பில் சுமந்து ஏறிய பெண்ணுக்கு இவ்விரண்டும் பொருந்தும். அவள் பெயர் பட்டயத்தில் இல்லை என்பதற்காக வரலாற்றாசிரியரும் அவளைக் குடியேறியவள் என்று எழுத மறுப்பாராயின், பேரரசு வகுத்த தகுதிப் பட்டியலையே அவர் படியெடுத்து வைக்கிறார். முதலில் மாறவேண்டியது ஆய்வேடுகளின் சொல். சட்டத்தின் தேதி அதைப் பின்தொடர்ந்தாக வேண்டும்.